தாதுவைக் கரைக்கும் பூஞ்சை: தாழ்தரத் தாதுவிலிருந்து உலோகம் எடுக்கும் வழி

ஒடிசா மாநிலத்தின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் உள்ள சுகிந்தா பள்ளத்தாக்கில்தான் இந்தியாவின் குரோமியம் தரும் குரோமைட் தாது வளத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது அடங்கியிருக்கிறது. அங்குள்ள திறந்தவெளிச் சுரங்கங்களில் குரோமைட்டை எட்ட வேண்டுமானால், அதன் மேல் மூடிக் கிடக்கும் மஞ்சளும் செம்பழுப்புமான மண்ணை முதலில் அகற்றியாக வேண்டும். அப்படி அகற்றப்படும் மண் சுரங்கத்தின் ஓரங்களில் குன்றுகளாகக் குவிக்கப்படுகிறது. அந்த மண்ணில் நிக்கல் இருக்கிறது. ஆனால் அதன் அளவு பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. தன் நிக்கல் தேவையில் ஏறக்குறைய முழுவதையும் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் இந்தியா, 2023-இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் நிக்கலையும் சேர்த்திருக்கிறது. எனினும் சுகிந்தாவின் நிக்கல் கழிவுக் குன்றுகளிலேயே கிடக்கிறது. புவனேஸ்வரத்தில் உள்ள கனிம மற்றும் பொருள் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த மண்ணிலிருந்து நிக்கலைப் பிரிக்கப் பல வழிகளைச் சோதித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, வெங்காயத் தோலில் கரும்பொடியாகப் படிகிற ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையைக் கொண்டு அதைக் கரைத்தெடுப்பதாகும்.

பூஞ்சை எப்படி உலோகத்தைக் கரைக்கிறது, அதில் என்ன பயன், எங்கே அது தடுக்கி நிற்கிறது என்பதைச் சுகிந்தா மண்ணையே முன்னிறுத்திப் பார்க்கலாம்.

நிக்கல் ஏன் எளிதில் பிரிவதில்லை

வெப்பமண்டல நாடுகளில் மக்னீசியமும் இரும்பும் மிகுந்த பாறைகள் பல லட்சம் ஆண்டுகள் மழையில் ஊறிச் சிதையும்போது, எளிதில் கரையும் பொருள்கள் நீரோடு போய்விட, இரும்பும் அதனுடன் சிறிது நிக்கலும் கோபால்ட்டும் மேல்மண்ணில் தங்கிவிடுகின்றன. இப்படி உருவாகும் செம்புரைத் தாதுவை லேட்டரைட் என்கிறோம். நியூ கலிடோனியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கியூபா ஆகிய இடங்களில் இது பெருமளவில் கிடைக்கிறது. நிலத்தில் உள்ள உலக நிக்கல் வளத்தில் பாதிக்கும் மேற்பட்டது இவ்வகைத் தாதுவில்தான் இருக்கிறது.

தாழ்தரத் தாது என்றால் உலோகம் குறைவாக உள்ள தாது என்று மட்டும் நினைத்துக்கொண்டால் சிக்கலின் பாதிதான் விளங்கும். செம்புத் தாதுக்கள் பலவற்றில் செம்பு 1 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கிறது. ஆனாலும் செம்பு தனிக் கனிமத் துகள்களாக இருப்பதால், பாறையை அரைத்து, சோப்பு நுரை போன்ற நுரையில் அத்துகள்களை மிதக்கவிட்டு, செம்பின் விகிதத்தைப் பல மடங்கு உயர்த்திய பிறகே உலைக்கு அனுப்புகிறார்கள். சுகிந்தா மேல்மண்ணில் நிக்கலுக்கென்று தனித் துகள் இல்லை. கோத்தைட் என்னும் இரும்புக் கனிமத்தின் படிக அமைப்புக்குள், இரும்பணு இருக்க வேண்டிய இடங்களில் ஆங்காங்கே நிக்கல் அணு அமர்ந்திருக்கிறது. எவ்வளவு நுண்ணியதாக அரைத்தாலும் அணுவையும் அணுவையும் அரைவை இயந்திரம் பிரிக்காது. ஆகவே நிக்கல் வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள இரும்புக் கனிமத்தையே குலைத்தாக வேண்டும்.

தொழிற்சாலைகள் இதைச் செய்யாமல் இல்லை. கியூபாவின் மோவா நகரில் 1959-இல் தொடங்கிய ஆலை, தாதுக் குழம்பை அழுத்தக் கலத்தில் அடைத்து, ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கந்தக அமிலத்தால் கரைத்தது. இன்றும் பல நாடுகளில் அதே முறை நடைமுறையில் இருக்கிறது. அமிலத்தின் அரிப்பையும் உயர் அழுத்தத்தையும் ஒருசேரத் தாங்கும் கலங்களுக்கு ஆகும் முதலீடு மிகப் பெரியது. ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் நிக்கல் எடுக்கும் பெரிய சுரங்கத்துக்கே அது கட்டுப்படியாகும். 30 பாகை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் இதே வேலையைச் செய்யும் உயிரி ஒன்று இருக்கிறது என்றால் ஆய்வாளர்கள் அதை விட்டுவிடாததில் வியப்பில்லை.

பாக்டீரியா இருக்கப் பூஞ்சை எதற்கு

நுண்ணுயிரிகளைக் கொண்டு தாதுவிலிருந்து உலோகத்தைக் கரைத்தெடுப்பதைப் பொதுவாக பயோலீச்சிங் என்பார்கள். இத்துறையில் புகழ்பெற்றவை பூஞ்சைகள் அல்ல, பாக்டீரியாக்களே. 1947-இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் அமில நீரை ஆராய்ந்த கோல்மரும் ஹிங்கிளும், இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாவே அந்த அமிலத்தன்மைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டினார்கள். இன்று அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்று அழைக்கப்படும் அந்தப் பாக்டீரியாவும் அதன் உறவினங்களும் சிலி நாட்டுச் செம்புக் குவியல்களிலும், பின்லாந்தின் சோட்காமோ நிக்கல் சுரங்கத்திலும் பெருந்தொழில் அளவில் வேலை செய்கின்றன.

அவை உயிர்வாழத் தேவையான ஆற்றலைத் தாதுவே தருகிறது. தாதுவில் உள்ள கந்தகத்தையும் இரும்பையும் ஆக்சிஜனேற்றி அந்த ஆற்றலைப் பெற்று, உடலைக் கட்டுவதற்கான கரிமத்தைக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. தனியாக உணவு ஊட்ட வேண்டியதில்லை; அவை வெளியிடும் கந்தக அமிலமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இதற்குத் தாது சல்பைடாக, அதாவது உலோகம் கந்தகத்தோடு சேர்ந்த கனிமமாக, இருக்க வேண்டும். சுகிந்தாவின் கோத்தைட்டில் கந்தகமும் இல்லை. இரும்பு ஏற்கெனவே முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்து துருவாகிவிட்டது. இந்தப் பாக்டீரியாக்களுக்கு அங்கே உண்ண எதுவும் இல்லை என்பதால் கந்தகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தால்தான் அவை பயன்படும்.

பூஞ்சையின் நிலை வேறு. அது கனிமத்திலிருந்து எந்த ஆற்றலையும் பெறுவதில்லை. சர்க்கரையை உண்டு வளர்கிறது. வளரும்போது கரிம அமிலங்களைத் தன்னைச் சுற்றி வெளியிடுகிறது. அந்த அமிலங்கள் அருகில் உள்ள கனிமத்தைத் தாக்குகின்றன. தாது சல்பைடா, ஆக்சைடா, சிலிக்கேட்டா, கார்பனேட்டா என்ற பாகுபாடு இங்கே பெரிதல்ல. இயற்கையில் இது புதிதும் அல்ல. பாறைமேல் படரும் லைக்கன்களில் உள்ள பூஞ்சை காலங்காலமாகப் பாறையை அரித்து வந்திருக்கிறது. குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளின் மண்ணில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் துகள்களில் பூஞ்சை இழைகள் துளைத்தவை எனக் கருதப்படும் நுண்குழாய்களை 1990-களில் ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

அமிலம் செய்யும் மூன்று வேலைகள்

ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் முக்கியமாக வெளியிடுபவை சிட்ரிக், ஆக்சாலிக், குளுக்கோனிக் ஆகிய மூன்று அமிலங்கள். பெனிசிலியம் சிம்ப்ளிசிசிமம் என்ற மற்றொரு பூஞ்சையும் இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. இவ்வமிலங்கள் கனிமத்தைத் தாக்கும் வழிகளைப் புரிந்துகொள்ள, கறுத்த செம்புப் பாத்திரத்தைப் புளி கொண்டு தேய்ப்பதை நினைத்துக்கொள்ளலாம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படிந்த ஆக்சைடைத் தாக்கிக் கரைக்கிறது, கரைந்த செம்பு அயனியைப் பற்றிக்கொண்டு நீரோடு போகச் செய்கிறது. தாதுவிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது.

முதலாவது, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் கனிமத்தின் ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து நீராகிவிடுவதால், அந்த ஆக்சிஜனோடு பிணைந்திருந்த உலோகம் அயனியாகக் கழன்று வருகிறது. இரண்டாவது, கழன்ற அயனியைச் சிட்ரேட் போன்ற மூலக்கூறு நண்டு தன் கொடுக்குகளால் பிடிப்பதுபோல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பற்றிக்கொள்கிறது. வேதியியலில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். இப்படிப் பற்றப்பட்ட நிக்கல் மீண்டும் கனிமத்தில் ஒட்டிக்கொள்வதில்லை என்பதால் கரைதல் தொடர்ந்து நடக்கிறது. மூன்றாவது, ஆக்சாலிக் அமிலம் துருவில் உள்ள மூவிணைதிற இரும்புக்கு ஓர் எலக்ட்ரானைத் தந்து அதை ஈரிணைதிற இரும்பாக ஒடுக்கவல்லது. ஒடுக்கப்பட்ட இரும்பு கோத்தைட்டின் படிக அமைப்பில் நிலைத்து நிற்காது; அது வெளியேறும்போது கனிமம் குலைகிறது. இவற்றோடு, பூஞ்சை இழைகளின் சுவரும் கொஞ்சம் உலோகத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் அது கரைசலிலிருந்து உலோகத்தை இழக்கச் செய்வதால் இங்கே அதை உதவி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இந்த மூன்று அமிலங்களில் எது மிகுதியாகச் சுரக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு பெரிதும் மாறும். ஆக்சாலிக் அமிலம் இரும்பைக் கரைப்பதில் வல்லது என்றாலும், நிக்கல் ஆக்சலேட் நீரில் மிகக் குறைவாகவே கரையக் கூடியது. ஆகவே பாடுபட்டு வெளிக்கொணர்ந்த நிக்கலே வீழ்படிவாகித் திரும்பவும் அடியில் தங்கிவிடக் கூடும். நிக்கலுக்குச் சிட்ரிக் அமிலமே ஏற்றது. அங்கேதான் பூஞ்சையின் பிடிவாதம் குறுக்கிடுகிறது.

மாங்கனீசு என்னும் முட்டுக்கட்டை

சிட்ரிக் அமிலம் ஒரு காலத்தில் இத்தாலிய எலுமிச்சைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1917-இல் ஜேம்ஸ் கர்ரி என்ற அமெரிக்க வேதியியலாளர், மிகுந்த சர்க்கரையும் மிகுந்த அமிலத்தன்மையும் உள்ள கரைசலில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் ஏராளமாகச் சிட்ரிக் அமிலம் தருவதைக் காட்டினார். 1919-இல் ஃபைசர் நிறுவனம் புரூக்லினில் அதைத் தொழிலாக்கியது. குளிர்பானங்களிலும் மிட்டாய்களிலும் சேரும் சிட்ரிக் அமிலம் இன்றைக்கும் பெரும்பாலும் இப்பூஞ்சையிடமிருந்தே வருகிறது.

அந்தத் தொழிலில் நூறாண்டு அனுபவம் கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு: கரைசலில் மாங்கனீசு அறவே இருக்கக் கூடாது. ஒரு லிட்டரில் மைக்ரோகிராம் கணக்கில் மாங்கனீசு கலந்தாலும் பூஞ்சையின் வளர்சிதை மாற்றம் திசை மாறிச் சிட்ரிக் அமில விளைச்சல் சரிந்துவிடும். அதனால்தான் சிட்ரிக் அமில ஆலைகள் தங்கள் சர்க்கரைக் கரைசலிலிருந்து உலோகத் தடங்களை முன்கூட்டியே நீக்கிவிடுகின்றன. கரைசல் அமிலத்தன்மை குறைந்து நடுநிலையை நெருங்கினாலும் சிட்ரிக் குறைந்து ஆக்சாலிக் மிகும். இப்போது சுகிந்தா மண்ணை நினைத்துப் பாருங்கள். அதில் இரும்பு, நிக்கல், கோபால்ட், குரோமியம் ஆகியவற்றோடு மாங்கனீசும் இருக்கிறது. அமிலத்தை உறிஞ்சி நடுநிலைப்படுத்தும் கனிமங்களும் இருக்கின்றன. உலோகத்தைக் கண்டால் ஒதுங்குகிற ஒரு செயல்முறையை உலோகக் குவியலுக்கு நடுவே நடத்தச் சொல்கிறோம். இதில் வெற்றி கிடைக்கிறது என்பதே எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆய்வுக்கூடங்களில் மூன்று விதமாகச் செய்வதற்கு இதுவே காரணம். ஒரே கட்ட முறையில், சர்க்கரைக் கரைசல், பூஞ்சை வித்து, தாதுத்தூள் ஆகிய மூன்றையும் குடுவையில் ஒன்றாகப் போட்டு, சுழலும் அடைகாப்புக் கருவியில் இரண்டு மூன்று வாரம் விடுகிறார்கள். இரண்டு கட்ட முறையில், பூஞ்சையைத் தாதுவில்லாமல் சில நாள் வளரவிட்டு, அமிலம் சுரக்கத் தொடங்கிய பின் தாதுவைச் சேர்க்கிறார்கள். மூன்றாவது முறையில் பூஞ்சையை வடிகட்டி நீக்கிவிட்டு, அது வெளியிட்ட அமில நீரை மட்டும் தாதுவின் மேல் ஊற்றுகிறார்கள். இந்த மூன்றாவது முறையில் உலோகத்தின் நச்சு பூஞ்சையைத் தொடவே தொடாது, வெப்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம், தாதுவையும் அதிகம் சேர்க்கலாம். பூஞ்சையை மெல்ல மெல்ல உயரும் நிக்கல் அளவுக்குப் பழக்கி, தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுப்பதும் வழக்கம். என் பார்வையில், தொழிலளவுக்குப் போகக் கூடியது மூன்றாவது முறைதான். அப்படியானால் இது சிட்ரிக் அமிலத்தைக் கடையில் வாங்கி ஊற்றுவதிலிருந்து எவ்வகையில் வேறு என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சுத்திகரித்துப் படிகமாக்கிய அமிலம் தேவையில்லை, கலவை நீரே போதும், சர்க்கரைக்குப் பதில் மலிவான கழிவையும் ஊட்டலாம் என்பதே பதில். அந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது கணக்கைப் பொறுத்தது.

சர்க்கரைக் கணக்கு

பூஞ்சை வழிக் கரைத்தெடுப்பைப் பற்றிய செய்திகளில் இத்தனை சதவீத நிக்கல் மீட்கப்பட்டது என்ற எண்ணே முன்னால் நிற்கும். அதன் அருகிலேயே கரைசலில் எவ்வளவு தாது இருந்தது என்ற எண்ணையும் தேட வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளில் அது 1 முதல் 5 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் பூஞ்சை நலிவுறுகிறது அல்லது அமிலம் போதாமல் போகிறது.

ஒரு டன் தாதுவில் 0.8 சதவீதம் நிக்கல் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 8 கிலோ. லிட்டருக்கு 50 கிராம் தாது சேர்த்தால், அந்த ஒரு டன்னுக்கு 20,000 லிட்டர் கரைசல் வேண்டும். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை என்றால் மொத்தம் 2,000 கிலோ சர்க்கரை. பாதி நிக்கல் கரைந்து வந்தாலும் கிடைப்பது 4 கிலோ. சர்க்கரை கிலோ 40 ரூபாய், நிக்கல் கிலோ 1,500 ரூபாய் என்று தோராயமாகப் போட்டால், 80,000 ரூபாய்ச் சர்க்கரையைச் செலவிட்டு 6,000 ரூபாய் நிக்கலை எடுக்கிறோம்.

இந்த இழப்புக்குக் காரணம் பூஞ்சையின் சோம்பல் அன்று, இரும்புதான். 8 கிலோ நிக்கலை மட்டும் கரைக்க, வேதியியல் கணக்குப்படி சுமார் 17 கிலோ சிட்ரிக் அமிலம் போதும். ஆனால் அதே டன்னில் 500 கிலோ இரும்பு இருந்து அது முழுவதும் கரைவதாக இருந்தால் ஏறத்தாழ 1,700 கிலோ அமிலம் வேண்டும், நிக்கலுக்கு வேண்டியதைப் போல் நூறு மடங்கு. ஆகவே இரும்பைக் கூடியவரை விட்டுவிட்டு நிக்கலை மட்டும் வெளியேற்றுவதே இந்தத் துறையின் உண்மையான சவால்.

அதற்கு ஆய்வாளர்கள் கையாளும் ஒரு வழி, தாதுவை முதலில் சில நூறு பாகை வெப்பத்தில் வறுப்பது. வறுக்கும்போது கோத்தைட்டிலிருந்து நீர் வெளியேறி அது ஹேமடைட் என்னும் மற்றோர் இரும்புக் கனிமமாக மாறுகிறது. துகள்களில் நுண்துளைகள் உண்டாகின்றன. நிக்கலும் படிகத்தின் உள்ளிருந்து எளிதில் எட்டும் இடங்களுக்கு நகர்கிறது. வறுத்த சுகிந்தா மண்ணில் பூஞ்சை கூடுதல் நிக்கலைக் கரைத்திருப்பதைப் புவனேஸ்வர ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வறுப்பதற்கு எரிபொருள் வேண்டும். அறை வெப்பத்தில் நடக்கும் முறை என்ற பெருமையில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

மற்றொரு வழி, உணவைச் சர்க்கரையிலிருந்து கழிவுக்கு மாற்றுவது. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு, உருளைக்கிழங்குத் தோல், பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீர் போன்றவற்றில் இப்பூஞ்சை நன்றாகவே வளர்கிறது. இந்தியாவில் கழிவுப்பாகு என்பது பெயரளவில்தான் கழிவு. சாராய ஆலைகளும், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிப்போரும் அதை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்குப் பாகில் மாங்கனீசும் இருக்கிறது. அமெரிக்காவின் இடாஹோ தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள், குளுக்கோனிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாவைக் கொண்டு பயன்படுத்திய வினையூக்கியிலிருந்து அருமண் உலோகங்களைக் கரைத்துச் செலவுக் கணக்குப் போட்டபோதும், செலவில் மிகப் பெரிய பங்கு குளுக்கோஸுக்கே போனது. பிறகு மக்காச்சோளத் தட்டையிலிருந்து பெற்ற சர்க்கரையை நோக்கி அவர்கள் கவனம் திரும்பியது. உயிரி வேறானாலும் அதற்கு ஊட்டும் உணவின் விலையே இங்கும் முன்னால் வந்து நிற்கிறது.

கரைந்தபின் செய்ய வேண்டியவை

தாதுவிலிருந்து நிக்கல் கரைந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. இப்போது கையில் இருப்பது நிக்கல், இரும்பு, சிட்ரேட், எஞ்சிய சர்க்கரை, பூஞ்சைத் துணுக்குகள் எல்லாம் கலந்த பழுப்பு நீர். நிக்கலைக் கரைய வைத்த அதே சிட்ரேட் இப்போது அதை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆகையால் சுண்ணாம்பிட்டு வீழ்படிவாக்கும் எளிய வழி சரிவர வேலை செய்யாது. அயனிப் பரிமாற்றப் பிசின்களைக் கொண்டோ, நிக்கலை மட்டும் ஈர்க்கும் கரிமக் கரைப்பான்களைக் கொண்டோ, சல்பைடாக வீழ்த்தியோ அதைப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் அமில நீரைத் திரும்பத் தாதுவின் மேல் ஊற்ற முடிந்தால் மேலே கண்ட சர்க்கரைக் கணக்கு கணிசமாக மாறும். ஒருமுறை சுரந்த அமிலம் எத்தனை சுற்று வருகிறது என்பது முக்கியமான எண்ணாகிவிடும்.

செம்புக் குவியலில் பாக்டீரியாக்களைத் திறந்த வெளியில் விட்டுவிடுவதுபோல் பூஞ்சையை விட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நீரைத் திறந்த மண்குவியலில் தெளித்தால் அதை உண்ண வேறு நூறு நுண்ணுயிரிகள் வந்துவிடும். பூஞ்சையின் இழைப்பின்னலும் குவியலின் இடைவெளிகளை அடைத்து நீரோட்டத்தை நிறுத்திவிடும். ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் காற்றில் பரவுவது தொழிலாளர்களின் நுரையீரலுக்கும் நல்லதல்ல. ஆகவே மூடிய கலம், வடிகட்டி, வெப்பக் கட்டுப்பாடு என்று ஆலைச் செலவு கூடுகிறது.

இத்தனை தடைகளையும் வைத்துப் பார்த்தால், பூஞ்சை முதலில் தொழிலாகக் கூடிய இடம் நிக்கல் மேல்மண் அல்ல என்றே நினைக்கிறேன். கரைக்க வேண்டிய பொருள் குறைவாகவும், அதனால் கிடைக்கும் மதிப்பு அதிகமாகவும் உள்ள இடங்களே அதற்கு ஏற்றவை. பீங்கானுக்கும் காகிதத்துக்கும் பயன்படும் வெள்ளைக் களிமண்ணில் சிறிதளவு இரும்பு கலந்திருந்தாலும் அதன் நிறம் மங்கிவிடும். பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் அந்தச் சிறிதளவு இரும்பை நீக்கி வெண்மையைக் கூட்டுகிறது. அங்கே 500 கிலோ இரும்போடு போராட வேண்டியதில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பயன்படுத்தி ஓய்ந்த வினையூக்கிகளில் நிக்கல், மாலிப்டினம், வனேடியம் ஆகியவை எந்த மேல்மண்ணிலும் காணாத விகிதத்தில் இருக்கின்றன. அவற்றையும் மின்னணுக் கழிவையும் பூஞ்சையிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பல. சுகிந்தா மண்ணைப் பொறுத்தவரை, அமில நீரைச் சுற்றில் விடுவதும், இரும்பைக் கரைக்காமல் நிக்கலை மட்டும் இழுப்பதும் ஒருசேரக் கைகூடும்வரை அதன் நிக்கல் ஆய்வுக்கூடக் குடுவைகளில் மட்டுமே கரைந்துகொண்டிருக்கும்.